அணைத் தண்ணீருக்குள் ஒரு காளான்

"…அப்ப இந்த மரம், இந்த மண்ணு, இதுல மொளச்சது, அல்லாமே எங்கியோ தண்ணிக்குள்ள கெடக்குது, எங் கொல்லையில இல்லேன்றான் அந்த ஆளு. அப்பிடித்தானே சொல்றே?"

கேட்டவர் கெலமங்கலம் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு தைலமரத் தோப்புக்குச் சொந்தக்காரர். இந்தப் பக்கம் விளைநிலத்தைக் கொல்லை என்றுதான் சொல்வார்கள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அக்கா என்பேன். எனக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டாலும் அவருக்கு நான் "ஏ பொண்ணு"தான். அவர் சொன்ன அந்த ஆள் இருப்பது ஆஸ்திரேலியாவில். முளைத்தது ஒரு காளான். அது எங்கே முளைத்தது என்பதில்தான் வழக்கு. அடுத்த வாரம் மரம் வெட்ட ஆட்கள் வருகிறார்கள். மரம் போனால் காளானும் போய்விடும். அதற்குள் அது இங்கேதான் முளைத்தது என்று நான் காட்டியாக வேண்டும். காட்டுவதற்கு அக்காவின் வாயிலிருந்து ஒரு சரி வேண்டும்.

இந்த வழக்கு எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருக்கிறேன். பத்தாவதோடு படிப்பு முடிந்தது. மற்றதெல்லாம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டதுதான். கம்பெனி கேட்டுக்கு வெளியே, காம்பவுண்டை ஒட்டி வரிசையாகத் தைலமரங்கள் நின்றன. ஒரு மழைக்குப் பிறகு அங்கே தார் ரோட்டின் ஓரம் மெல்ல உப்பியது. அப்புறம் வெடித்தது. வெடித்த இடத்தில் பழுப்பும் மஞ்சளுமாக ஒரு உருண்டை தலையைக் காட்டியது. பார்க்கக் காய்ந்த நாய்ப் பீ மாதிரி இருந்தது. கௌரவமாகச் சொல்ல வேறு உவமை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியாவிலும் ஜனங்கள் அதை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் தெரிந்தபோது எனக்கு ஒரே சந்தோஷம். கடல் தாண்டிப் போனாலும் மனிதர் வாய் மனிதர் வாய்தான்.

கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி அண்ணன் மதுரைப் பக்கம். அவர் பேச்சைக் கேட்பதற்காகவே நான் ஷிப்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே போவதுண்டு. அவர் அந்த உருண்டையைப் பார்த்துச் சொன்னார்: "மேடம், தார் ரோட்டத் தலையாலயே முட்டித் தொறந்துட்டு வாராரு. இவர்ட்டப் போயி ஐடி கார்டு எங்கன்னு எப்பிடிக் கேக்குறது?" சொல்லிவிட்டு ஷூ காலால் ஒரு உதை விட்டார். உருண்டை உடைந்து காப்பித்தூள் மாதிரி குப்பென்று பறந்து, அவருடைய பேன்ட் முட்டி வரைக்கும் பழுப்பாக்கியது. துவைத்தும் போகவில்லை என்று சம்பள நாள் வரைக்கும் புலம்பினார். அடுத்த மழைக்குப் பக்கத்திலேயே இன்னொன்று தாரை முட்டிக்கொண்டு வந்தது. அதையும் உதைத்தார். மறுபடியும் வந்தது. அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்துப் போய்விட்டது.

என் மகள் போனில் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். செடி, பூச்சி, காளான் எதைப் பார்த்தாலும் படம் எடுத்து, எங்கே எப்போது பார்த்தோம் என்று சேர்த்து அதில் போடலாம். யார் வேண்டுமானாலும் போடலாம். உலகத்தில் எங்கேயோ உட்கார்ந்திருக்கிற விஷயம் தெரிந்தவர்கள் வந்து பெயர் சொல்வார்கள். ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் ஒத்துக்கொண்டால், நம் பதிவு ஆராய்ச்சிக்காரர்கள் எடுத்துக்கொள்கிற இடத்துக்குப் போகும். பெரிய படிப்பு படித்தவரும் என்னைப் போன்றவர்களும் ஒரே பந்தியில் உட்காருகிற இடம் அது. எனக்கு அது புதிதாக இருந்தது.

என் உருண்டைக்கு முதலில் பதில் எழுதியவர் ஆஸ்திரேலியாக்காரர். ஆணா பெண்ணா என்று இன்றைக்கும் தெரியாது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பறவையின் படம் இருந்தது. அதனால் எனக்கு அவர் பறவைக்காரர். "நெடுக்காக வெட்டி உள்ளே படம் எடுங்கள். அடியில் எப்படி இருக்கிறது? மேலே என்ன மரம்?" என்று கேட்டிருந்தார். சாப்பாட்டுப் பையில் ஒரு கத்தியை வைத்துக்கொண்டு போனேன். வெட்டினால், உள்ளே கருந்தார் மாதிரி ஒரு குழம்பு. அதில் சின்னச் சின்ன மணிகள் நெருக்கமாகப் புதைந்திருந்தன. கையில் ஏறிய கறை சோப்புக்கு மசியவில்லை. பேக்கிங் பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தனியாக உட்கார வைத்தார்கள். "யக்கா, அந்தக் கையால ஊறுகாய் டப்பாவத் தொட்டே, அப்புறம் நடக்கறதே வேற." காளான் மேடம் என்கிற பட்டமும் அந்த வாரத்தில் வந்ததுதான்.

பறவைக்காரர் பெயர் சொன்னார். அங்கே அவர்கள் காட்டில் தைலமரத்தோடு கூடவே பிறந்து வளர்கிற வகையாம். மரம் எங்கே போனதோ அங்கே அதுவும் போயிருக்கிறது. மண்ணுக்கடியில் வேரைச் சுற்றி நூல் மாதிரி படர்ந்து, மண்ணிலிருக்கிற சத்தையும் தண்ணீரையும் இழுத்து மரத்துக்குக் கொடுக்கிறது. மரம் தன் சர்க்கரையில் ஒரு பங்கை அதற்குக் கொடுக்கிறது. "உங்கள் பக்கத்தில் யாரும் உட்கார்ந்து பார்த்த மாதிரி தெரியவில்லை. நீங்கள் பாருங்கள்" என்று எழுதியிருந்தார். கடைசி இரண்டு வார்த்தையை நான் பலமுறை படித்தேன். என்னை யாரும் எதையும் அப்படிப் பார்க்கச் சொன்னதில்லை. கம்பெனியில் பார்க்கச் சொல்வது பழுதை மட்டும்தான்.

என் வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவில்லை. லீவு நாளில் கறி எடுத்து வந்து, சமைக்க ஆள் இல்லாமல் காத்திருந்த கோபம். "துன்ன ஆவுமா? ஆவாது. விக்க ஆவுமா? ஆவாது. அப்புறம் இன்னாத்துக்கு அதுக்குப் பேரு வச்சினு இருக்கறே?"

"உங்களயும்தான் துன்ன முடியாது, விக்க முடியாது. பேரு வச்சிருக்காங்கல்ல?" என்றேன்.

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மகளுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. அவர் கறியைத் தானே கழுவப் போனார். அன்றைக்குக் குழம்பும் நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் அவர் கேட்டதை எல்லோருமே கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் காளான் இரண்டே வகை. தின்பது ஒன்று, உதைப்பது ஒன்று. இடி இடித்த மறுநாள் புற்றில் வருவதைத் தின்பார்கள், அதுவும் எது எதுவென்று தெரிந்தவர்கள். மிச்சமெல்லாம் உதைப்பது. நான் உதைக்கிற வகையோடு உட்கார்ந்துவிட்டேன். தின்னலாமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "தெரியாது, தொடாதீங்க." எதற்குப் பிரயோஜனம் என்று கேட்டவர்களுக்குப் பதிலே சொல்வதில்லை. பிரயோஜனம் காட்டினால்தான் ஒன்றுக்குப் பெயர் கிடைக்கும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இப்போதும் ஒத்துக்கொள்வதில்லை.

அப்புறம் கம்பெனி ரோட்டை அகலப்படுத்தினார்கள். தைலமரங்களை வேரோடு பிடுங்கினார்கள். தாரை முட்டித் திறந்தவரால் ஜேசிபியை முட்ட முடியவில்லை. புதுத் தார் மழமழவென்று கிடந்தது. செக்யூரிட்டி அண்ணனே, "என்ன மேடம், நம்மாளு வரலயே" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் வாராந்திர லீவில் பஸ் ஏறித் தோப்புகளைத் தேட ஆரம்பித்தேன். அப்படித்தான் கெலமங்கலம் சாலையில் இறங்கினேன்.

மழை விட்ட காலை. தோப்புக்குள் தரையெல்லாம் தைல இலை. நுழைந்ததுமே கண்ணில் பட்டுவிட்டது. ஒன்றல்ல, ஒரு கூட்டமே மண்ணைப் பிளந்துகொண்டு நின்றது. இன்ஸ்பெக்‌ஷன்காரிக்கு ஒரு பழக்கம், எதையும் அளவில்லாமல் படம் எடுக்க மாட்டாள். சாண் நீளத்து ஸ்டீல் ஸ்கேலைக் காளானுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து போனைத் தூக்கிப் பிடித்தேன். முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது.

"ஏ பொண்ணு, எந்த ஆபீசு நீ? எங் கொல்லைய எதுக்கு அளக்கறே?"

திரும்பினால் கொடுவாளோடு இந்த அக்கா.

"அளக்கலக்கா. ஸ்கேலப் பாருங்க, சாண் நீளம்தான் இருக்குது. இத வச்சி யாராவது கொல்லைய அளப்பாங்களா?"

"எவனுக்குத் தெரியும்? போன தடவ வந்தவங்க அதுகூட எடுத்துனு வரல. போன மட்டும் தூக்கிக் காட்டினு குறுக்கயும் நெடுக்கயும் நடந்தாங்க. யாருன்னு கேட்டா சும்மா பாக்கறோம்மான்னாங்க. அடுத்த மாசம் பக்கத்துக் கொல்லையில மஞ்சக் கல்லு நட்டுட்டாங்க. நீ ஸ்கேலு வேற வச்சினு இருக்கறே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. வேறு ஊரில் காட்டுக்குள் தனியாகக் குந்தியிருக்கிற பொம்பளையைப் பார்த்தால் என்னென்னவோ நினைப்பார்கள். இங்கே மட்டும்தான் நிலம் எடுக்க வந்தவள் என்று நினைப்பார்கள். கம்பெனிகள் பெருகப் பெருக, இந்தச் சாலையில் போனைத் தூக்கிப் பிடிக்கிற கை எல்லாமே சர்வேக்காரர் கைதான்.

ஸ்கேலைப் பையில் போட்டுவிட்டு உருண்டையைக் காட்டினேன்.

"அட ச்சீ. இதையா?"

"காளான்க்கா."

"காளானா? துன்னலாமா?"

"தெரியாது, தொடாதீங்க. இந்த மரத்தோட வேரப் புடிச்சினு வளருது. இது தண்ணி இழுத்துக் குடுக்குது, மரம் இதுக்கு ஆகாரம் குடுக்குது."

அக்கா இடுப்பில் கை வைத்து உருண்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப வாரத்துக்கு வுட்டிருக்குதுன்னு சொல்லு" என்றார். நிலம் ஒருவருக்கு, பாடு ஒருவருக்கு, விளைச்சலில் பங்கு இரண்டு பேருக்கு. எத்தனையோ பக்கம் படித்து நான் புரிந்துகொண்டதை வாரம் என்கிற ஒரு சொல்லில் முடித்துவிட்டார். "எங்க வூட்ல வாரத்துக்கு எடுத்தவன் அறுப்பு முடிஞ்சா ஓடிடுவான். இது பரவால்ல, ஒட்டினே இருக்குது" என்று சேர்த்துக்கொண்டார்.

படம் எடுக்க விட்டார். ஆனால் ஒரு கண்டிஷன்.

"எடத்தப் போடாத. உம் போனுல எங் கொல்லைக்கு மேல ஒரு புள்ளியும் வுழக் கூடாது. வேற எங்க வேணாலும் வுழட்டும்."

வாக்குக் கொடுத்தேன். அதற்கு வசதியும் இருந்தது. இடத்தை மறைத்துவிட்டால், ஒரு பெரிய வட்டாரத்துக்குள் எங்கேயோ ஓரிடத்தில் புள்ளி தானாக விழும், சரியான இடம் வெளியே தெரியாது. அப்படியே செய்தேன். புள்ளி போய் விழுந்தது கெலவரப்பள்ளி அணையில், நடுத் தண்ணீரில்.

பறவைக்காரர் எழுதினார். நல்ல மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். "புள்ளி தண்ணீருக்குள் இருக்கிறது. இந்தக் காளான் தைலமர வேர் இல்லாமல் வராது. இடத்தைத் தவறாகக் குறித்துவிட்டீர்கள் போலிருக்கிறது. சந்தேகத்துக்குரிய இடம் என்று குறியிட்டிருக்கிறேன், வருத்தப்பட வேண்டாம்." குறி விழுந்ததும் என் பதிவு ஆராய்ச்சிக்கு ஆகாதவற்றின் பக்கம் போய்விட்டது.

எங்கள் கம்பெனியில் சிவப்புத் தொட்டி உண்டு. அளவு தப்பின உருப்படியை அதில்தான் போடுவோம். போடுகிறவள் நான். இதுவரை என் கையால் எத்தனையோ விழுந்திருக்கின்றன. முதல் முறையாக நானே அதற்குள் விழுந்து கிடந்தேன். அவர்மேல் குற்றமில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அதற்காக விட்டுவிட முடியுமா? எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், மகளைக் கேட்காமல், நானே எழுதினேன். "இடம் சரி, மறைத்து வைத்ததால் புள்ளி தள்ளி விழுந்திருக்கிறது. நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். என் செருப்பில் இன்னும் அந்த மண் இருக்கிறது."

அவர் சிரித்திருக்க வேண்டும், ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது. கீழே, "அப்படியானால் காட்டுங்கள். இடத்தைத் திறந்துவிடுங்கள். புதிதாக ஒன்றை வெட்டி உள்பக்கம், வேர், மேலே மரம், சுற்றிலும் தோப்பு, எல்லாம் தெரிகிற மாதிரி படம் போடுங்கள். குறியை நானே எடுத்துவிடுகிறேன்" என்றிருந்தது.

மகள் சொன்னாள்: "அம்மா, சும்மா தொறந்து வுடு. அந்தம்மாகிட்ட பட்டன் போனுதான் இருக்குது, எங்க பாக்கப் போவுது?"

"அதுக்குத்தான் தொறக்க மாட்டேன்" என்றேன். பார்க்க முடியாதவருக்குக் கொடுத்த வாக்கை மீறுவதற்குப் பதிலாக நான் சிவப்புத் தொட்டியிலேயே கிடப்பேன். ஆனால் அக்காவிடம் நேரில் போய்க் கேட்காமலும் இருக்க மாட்டேன். அதற்குள் கெலமங்கலம் பஸ்ஸில் காதில் விழுந்துவிட்டது, அந்தத் தோப்பைக் காகிதக் கூழுக்கு விலை பேசியாயிற்று, வெட்டுக்கு ஆள் வருகிறது என்று.

அடுத்த லீவில் போனபோது அக்கா வெட்டுக்கு முன்னால் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தார். நானும் கூடவே பொறுக்கினேன். பொறுக்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். பாதி சொல்லும்போதே அக்காவின் கை நின்றுவிட்டது.

"பேடா. பேடா அந்த்ரெ பேடா." வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அக்காவுக்குக் கோபம் வந்தால் கன்னடம் முன்னால் வரும், தமிழ் பின்னால் வரும். "மறச்சி வக்கிறேன்னு சொல்லிட்டு இப்ப வந்து தொறக்கட்டுமான்றே. அதுக்கு ஒத்தாசைக்குச் சுள்ளி வேற பொறுக்கறே."

"தொறக்கலக்கா. நீங்க சொன்னாத்தான் தொறப்பேன். இல்லன்னா அது எடம் தப்புன்னே கெடக்கட்டும்."

"எது தப்புன்னு?"

"இந்தக் காளானு இங்க மொளச்சதுன்றது தப்புன்னு எழுதியிருக்காங்க."

"யாரு?"

போனைக் காட்டினேன். அணைத் தண்ணீருக்கு நடுவில் சிவப்பாகப் புள்ளி. அக்காவுக்கு எழுத்து வராது, ஆனால் நீலம் தண்ணீர் என்று தெரிந்தது. என் கையைப் பிடித்து போனைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சுள்ளிக் கட்டின்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னார். நிலம் எடுப்பதற்காகப் பார்வையிட வந்தவர்கள் கோடையில் வந்தார்களாம். ராகி அறுப்பு முடிந்து, தோப்பை ஒட்டி இவர் ராகி போட்டிருந்த இடமும் சேர்த்து, எல்லார் கொல்லையும் வெறும் தாளோடு கிடந்த நேரம். போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டு போய், ஒன்றும் விளையாத தரிசு என்று எழுதிவிட்டார்கள். ராகி மூட்டை வீட்டுக்குள் அடுக்கியிருக்கிறது, வந்து பாருங்கள் என்று இவர் போய்ச் சொன்னதற்கு, படத்தில் இல்லையே அம்மா என்றார்களாம். பக்கத்துக் கொல்லையில் கல் விழுந்தது அப்படித்தான். இவருடையது இன்னும் இழுபறியில் இருக்கிறது.

"வெளையாத எடம்னு எழுதினு போனான் ஒருத்தன்" என்றார். "வெளஞ்சதே இங்க இல்லேன்றான் இன்னொருத்தன். வந்து பாத்தானா? காலு வச்சானா?"

எழுந்து நின்றார். கொடுவாளால் ஒரு மரத்தைக் காட்டி, மண்ணைக் காட்டி, அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டார். நான் முதலில் எழுதிய கேள்வி அதுதான்.

"அவர் மேல தப்பு இல்லக்கா" என்றேன். "நீங்க மறைக்கச் சொன்னீங்க, நான் மறச்சேன், அது போயி தண்ணியில வுழுந்துச்சு. அவருக்குத் தண்ணிதான் தெரிஞ்சிது."

"எடத்தப் போட்டா?"

"இங்கன்னு தெரியும்."

"கல்லு நட வருவாங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். இந்தப் புள்ளி உங்கள் கொல்லையைக் காப்பாற்றும் என்று சொல்லியிருந்தால் அப்போதே சரி கிடைத்திருக்கும். "புள்ளி வச்சாலும் வக்காட்டியும், வர்றவங்க வருவாங்கக்கா" என்றேன். "இதால அவங்கள நிறுத்த முடியாது. இது இங்க மொளச்சுதுன்றத மட்டும் யாராலயும் இல்லேன்னு சொல்ல முடியாது. மரத்த வெட்டின அப்புறமும் அது அப்பிடியே இருக்கும்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

நான் காட்டிய சின்ன உருண்டைகளை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தோப்பின் நடுவுக்குப் போய், இலைச் சருகைக் காலால் தள்ளி, நான் கண்டுபிடிக்காத பெரிய உருண்டை ஒன்றின் முன்னால் குத்துக்காலிட்டார். சுற்றிலும் மண்ணைக் கெல்லி, வேர் அறாமல் அசைத்து அசைத்து மேலே எடுத்தார். தரையில் வைத்து ஒரே போடு. இரண்டாகப் பிளந்து, கருப்புக் குழம்பும் மணிகளும் வெயிலில் மினுங்கின. இரண்டு பாதியையும் என் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, கறை படிந்த கையைப் புடவையிலேயே துடைத்தார். அப்புறம் முந்தானையைத் தோளில் சரியாக இழுத்துப் போட்டு, காளானுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ரேஷன் கார்டுக்குப் படம் எடுக்கிற மாதிரி முதுகை நிமிர்த்தி, கண் கொட்டாமல் என் போனையே பார்த்தார்.